திரையில் காணாமல் போன கணக்கு ஃபோல்டரை மீட்பது எப்படி?

நமது சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் இன்று பேரேட்டை மூடி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கிறோம். பேரேடு தொலைந்தால் கடையைக் கிளறித் தேடலாம். ஃபோல்டர் தொலைந்தால் எங்கே கிளறுவது என்று தெரியாமல் உதறல் எடுத்துவிடுகிறது. எனக்கும் எடுத்தது.

சென்ற ஐப்பசியில், தீபாவளி வசூலுக்குக் கிளம்ப வேண்டிய காலையில், பில் போடும் பெண் வந்து, "அண்ணாச்சி, பாக்கி ஃபோல்டரைக் காணோம்" என்றாள். எழுபதுக்கும் மேற்பட்ட கடைகளின் மூன்று மாதப் பாக்கி அதில் இருந்தது. தெரிந்த பையன் ஒருவன் போனில், "விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்றான். நல்ல வேளை, நான் சம்மதிக்கவில்லை. போட்டிருந்தால் இருந்ததும் போயிருக்கும்.

டெஸ்க்டாப் என்பதும் ஒரு ஃபோல்டர்தான். சி டிரைவில் யூசர்ஸ் என்பதற்குள், நம் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் அது இருக்கிறது. திரையில் தெரிவது கடையின் முகப்பு மாதிரி. முகப்பில் சரக்கு இல்லை என்பதால் கிட்டங்கியிலும் இல்லை என்று ஆகிவிடாது.

கண்ணெதிரே மறைந்தால் உடனே கண்ட்ரோல் பொத்தானுடன் இசட்டை அழுத்துங்கள். கடைசியாகச் செய்த காரியம் ரத்தாகும். அடுத்து ரீசைக்கிள் பின். அதில் இருந்தால் வலப் பொத்தானை அழுத்தி ரிஸ்டோர் கொடுக்க, பழைய இடத்திற்கே வந்துவிடும். ஆனால் பென் டிரைவிலிருந்து அழித்ததும், ஷிப்ட் பொத்தானுடன் டெலீட் அழுத்தி அழித்ததும் அங்கே வராது. அப்படிப் போயிருந்தால் கம்ப்யூட்டரில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்க வழி உண்டு. எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

எங்கள் ஃபோல்டர் அங்கும் இல்லை. விண்டோஸ் பொத்தானையும் ஈ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, திஸ் பிசி என்பதைத் திறந்து, தேடும் கட்டத்தில் ஒரு வாடிக்கையாளர் பாக்கித் தாளின் பெயரை அடித்தோம். சில நிமிடத்தில் அகப்பட்டது. பக்கத்திலிருந்த பழைய விலைப்பட்டியல் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருந்தது! மேசை துடைக்கும்போது மவுஸின் இடப் பொத்தான் அழுந்தியபடியே நகர்ந்திருக்கிறது. கட் செய்து டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்ததோடு சரி.

ஒன்று மட்டுமல்ல, எல்லாப் படங்களுமே மறைந்திருந்தால் சங்கதி வேறு. காலி இடத்தில் வலப் பொத்தானை அழுத்தி, வியூ என்பதில் ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ் என்பதற்கு டிக் இருக்கிறதா பாருங்கள். திரைப்படமும் மாறிப் புதிய கம்ப்யூட்டர் போலத் தெரிந்தால், விண்டோஸ் உங்களைத் தற்காலிகக் கணக்கில் உள்ளே விட்டிருக்கலாம். 2020 பிப்ரவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆனது. அவர்களுடைய ஃபைல்கள் யூசர்ஸ் ஃபோல்டரிலேயே வேறு பெயரில் இருந்தன. அந்த நிலையில் ஒரு பில்கூடப் போடாதீர்கள். வெளியே வந்ததும் அது அழிந்துவிடும். முதலில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் டெஸ்க்டாப் பேக்கப் ஓடினால் டெஸ்க்டாப்பே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடும். பிறகு அதை நிறுத்தினால் திரை காலியாகத் தெரியலாம். சரக்கு ஒன்டிரைவுக்குள் உள்ள டெஸ்க்டாப் ஃபோல்டரில் இருக்கும். தனிநபர் கணக்கில் அழித்தவை அதன் இணையக் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும்.

ரிஸ்டோர் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் என்று ஒரு வசதி உண்டு என்பார்கள். ஃபைல் ஹிஸ்டரி போன்ற ஏற்பாட்டை முன்பே செய்து வைத்தவர்களுக்குத்தான் அது கைகொடுக்கும். நான் செய்து வைக்கவில்லை.

இப்போது பாக்கி ஃபோல்டரை டாக்குமெண்ட்ஸில் வைத்து, டெஸ்க்டாப்பில் அதற்கு ஷார்ட்கட் மட்டும் போட்டிருக்கிறோம். கடை அடைக்குமுன் பென் டிரைவில் ஒரு நகல். பென் டிரைவ் இரண்டு, ஒன்று எப்போதும் வீட்டில். ஷார்ட்கட்டை யார் எங்கே இழுத்துவிட்டாலும் கணக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.