மர ஊசியும் மாளாத காடும்

கம்பளி பின்னும் உலோக ஊசி கையில் குளிரும். கண்ணிகளை எளிதில் நழுவவிடும். மர ஊசியோ கைச்சூட்டை ஏற்று, நூலைச் சற்றே பற்றி நிற்கும். ஆதலால் புதிதாகப் பின்னக் கற்போர்க்கு அது உகந்தது.

அதனைச் செய்வது பொறுமையின் வேலை. பிர்ச், மேப்பிள் போன்ற நெருங்கிய இழையுள்ள மரத்தை முதலில் நன்கு உலர்த்த வேண்டும். ஈரம் இருப்பின் ஊசி பின்னர் வளையும். இழை நேராக ஓடும் துண்டைத் தேர்ந்து, சீவி உருட்டி, முனை கூராக்கி, உப்புத்தாளால் பலமுறை தேய்த்து, தேன்மெழுகு பூசுவர். இழை குறுக்கே ஓடினால் ஊசி ஒடியும். சிறு சிராய் எஞ்சினாலும் நூல் சிக்கும்.

அம்மரம் வந்த காடு நிலைக்குமா? ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் சுரங்கங்களும் உருக்காலைகளும் காடுகளை விழுங்கிய நாளில், சுரங்க அதிகாரி ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ் 1713-இல் ஒரு நூல் வெளியிட்டார். வளர்வதற்கு மேல் வெட்டலாகாது, வெட்டிய இடத்தில் மீண்டும் நட வேண்டும் என்பதே அதன் சாரம். இவ்வாறு பேணப்படும் காடுகளுக்கு நற்சான்று அளிக்கும் பன்னாட்டு அமைப்பு 1993-இல் தோன்றியது. ஈட்டி இன மரங்கள் அனைத்தின் உலக வாணிகமும் 2017-இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

ஊசி சிறிது, அதற்கு வேண்டிய மரமும் சிறிது. ஆயினும் எம்மரம், எக்காடு என வாங்குவோர் வினவினால், விற்போரும் விடை தேடுவர். குழந்தைக்குச் சட்டை பின்னும் கை, அக்குழந்தைக்குக் காட்டையும் விட்டுவைக்கட்டும்.