ராத்திரி 10:30க்கு கீநோட், காலையில இஎம்ஐ: கூகுள் ஐ/ஓ பார்த்துட்டு கோர்ஸ்ல சேரப் போறீங்களா?

போன மே மாசம், சாரத்துல எங்க வீட்டுப் பக்கத்து டீக்கடையில ஒரு தம்பி என்னைப் பிடிச்சுக்கிட்டார். நம்ம சேனலை ரெகுலரா பார்க்கிறவர். புதுச்சேரியிலேயே ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை, கைக்கு வர்றது மாசம் 28,000 ரூபாய்.

"அண்ணா, நேத்து ராத்திரி கூகுள் ஐ/ஓ பார்த்தேன். இனிமே எல்லாமே ஏஐ தான். ஒரு ஏஐ கோர்ஸ் இருக்கு, 90,000 ரூபாய். நோ-காஸ்ட் இஎம்ஐ, மாசம் 5,000, 18 மாசம். இன்னைக்குள்ள சேர்ந்தாதான் இந்த விலைன்னு சொல்றாங்க. சேர்ந்துடவா?"

எனக்கு உடனே பதில் வரலை. காரணம், 2016ல நானும் இதே நிலைமையிலதான் இருந்தேன்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். கூகுள் ஐ/ஓங்கிறது சாஃப்ட்வேர் டெவலப்பர்களுக்காக கூகுள் வருஷா வருஷம் நடத்துற மாநாடு. 2008ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஆரம்பிச்சாங்க. 2016ல இருந்து மவுன்டன் வியூவுல ஷோர்லைன்ங்கிற திறந்தவெளி அரங்குல நடக்குது. கொரோனாவால 2020ல மட்டும் நடக்கலை. அங்க காலை 10 மணிக்கு கீநோட்னா நமக்கு ராத்திரி 10:30. கத்திரி வெயில் நேரம் வேற, அதனால நான் எப்பவும் மொட்டை மாடியில பாய் விரிச்சு, போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் பார்ப்பேன்.

ஒரு காலத்துல இதுக்கு நேர்ல போறதே பெரிய செலவு. 2013ல டிக்கெட் 900 டாலர். அந்த வருஷம் போனவங்களுக்கு 1,299 டாலர்ல ஆரம்பிக்கிற குரோம்புக் பிக்சல் லேப்டாப்பைச் சும்மாவே கொடுத்தாங்க. டிக்கெட்டை விட கிஃப்ட் விலை ஜாஸ்தி! இப்ப கீநோட், டெக்னிக்கல் செஷன் எல்லாமே யூடியூப்ல இலவசம். மாநாடு நம்ம பர்ஸைத் தொடறதே இல்லை. செலவு ஆரம்பிக்கிறது மறுநாள் காலையில, கோர்ஸ் விளம்பரங்கள் நம்ம போனுக்கு வரும்போதுதான்.

என் கதைக்கு வர்றேன். 2016 மே. சுந்தர் பிச்சை சிஇஓ ஆன பிறகு நடத்தின முதல் ஐ/ஓ. நம்ம சென்னைல வளர்ந்தவர் மேடையில நிக்கிறாரேன்னு எனக்கு ஒரே பெருமை. அன்னைக்கு டேட்ரீம்னு ஒரு வெர்ச்சுவல் ரியாலிட்டி திட்டத்தை அறிவிச்சாங்க. எனக்கு அப்போ சம்பளம் 18,500. 'அடுத்த பத்து வருஷம் இதுதான்'னு எனக்கு நானே முடிவு பண்ணி, 60,000 ரூபாய் பர்சனல் லோன் போட்டு ஒரு விஆர் கோர்ஸ்ல சேர்ந்தேன். 16% வட்டி, 24 மாசம், இஎம்ஐ 2,938. மொத்தம் கட்டினது 70,500க்கு மேல. பாதி கிளாஸ் ரெக்கார்டட் வீடியோ. ரீஃபண்ட் கேட்டப்போ கோர்ஸ் நடத்தினவங்க போனே எடுக்கலை. 2019 அக்டோபர்ல கூகுள் டேட்ரீம் ஹெட்செட் விற்பனையையே நிறுத்திடுச்சு. விஆர்ல எனக்கு ஒரு இன்டர்வியூ கால் கூட வரலை.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே 2016 கீநோட்ல சுந்தர் இன்னொரு விஷயமும் சொன்னார்: மெஷின் லேர்னிங்குக்காகவே கூகுள் சொந்தமா டிபியுன்னு ஒரு சிப் செஞ்சு, ஒரு வருஷத்துக்கு மேல தங்கள் டேட்டா சென்டர்ல ஓட்டிக்கிட்டு இருக்குன்னு. நான் தண்ணி குடிக்க எழுந்து போயிட்டேன். இன்னைக்கு ஜெமினி ஓடறது அந்த சிப்களோட வாரிசுகள்லதான்.

அடுத்த வருஷம், 2017 மே 17. நான் இன்னும் இஎம்ஐ கட்டிக்கிட்டு இருக்கேன். கோட்லின் மொழிக்கு ஆண்ட்ராய்டுல முழு சப்போர்ட்னு அறிவிச்சாங்க. கையில காசு இல்லாததால அதை இலவச டாக்குமென்டேஷன் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். 2019 ஐ/ஓவுல 'இனி ஆண்ட்ராய்டுக்கு முதல்ல கோட்லின்தான்'னு சொன்னாங்க. அந்த வருஷம் நான் கம்பெனி மாறினதும், சம்பளம் கூடினதும் கோட்லினாலதான்.

டேட்ரீம், கோட்லின் ரெண்டுமே ஒரே மாநாட்டு மேடையில, ஒரே மாதிரி கைதட்டலோட வந்த அறிவிப்பு. எது நிக்கும், எது போகும்னு அன்னைக்கு ராத்திரி யாராலயும் சொல்ல முடியாது. கூகுளுக்கே தெரியாது, இல்லன்னா டேட்ரீமை ஏன் செய்யப் போறாங்க? கோட்லின் அறிவிப்புல இருந்து 'முதல்ல கோட்லின்'ங்கிற நிலைக்கு வர ரெண்டு வருஷம் ஆச்சு. ஆக, மறுநாள் சாயங்காலத்துக்குள்ள 90,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடற அவசரம் நமக்கு இல்லை. அது கோர்ஸ் விக்கிறவருக்கு இருக்கிற அவசரம்.

தம்பிகிட்ட இதைச் சொன்னதும் அவர் விடலை. "சுந்தர் பிச்சையோட அப்பாவே அவரை அமெரிக்கா அனுப்ப ஒரு வருஷ சம்பளத்தை ஃப்ளைட் டிக்கெட்டுக்குப் போட்டாராமே அண்ணா?" உண்மைதான். 2020ல மாணவர்களுக்குப் பேசின ஒரு பட்டமளிப்பு உரையில சுந்தரே அதைச் சொன்னார். ஆனா அது ஸ்டான்ஃபோர்டுல இடம் கிடைச்சதுக்கு அப்புறம் எடுத்த டிக்கெட். இடம் கிடைக்கும்னு சொல்லி யாரோ வித்த டிக்கெட் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அங்கேயே தம்பியை போன் போட வெச்சு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "மொத்தமா இப்பவே கட்டினா எவ்வளவு?" பதில்: 76,000. அப்போ நோ-காஸ்ட்ல 14,000 ரூபாய் ஒளிஞ்சிருக்கு! அதுக்கு மேல 2% பிராசஸிங் ஃபீஸ், அதுக்கு 18% ஜிஎஸ்டி, ஆக 2,124 ரூபாய் முன்கூட்டியே. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா வருஷத்துக்கு சுமார் 26% வட்டி வருது. நான் வாங்கின பர்சனல் லோனே பரவாயில்லை.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்காதது. இந்த இஎம்ஐ கோர்ஸ் கம்பெனிக்குக் கட்டுற ஃபீஸ் இல்லை. உங்க பேர்ல ஒரு என்பிஎஃப்சி கொடுக்கிற கடன். அவங்க மொத்தப் பணத்தையும் கோர்ஸ் கம்பெனிக்குக் கொடுத்துடுவாங்க. நாலாவது மாசம் கோர்ஸ் பிடிக்கலைன்னு நின்னாலும் மீதி 14 தவணை, 70,000 ரூபாய் உங்க தலையிலதான். கட்டலைன்னா சிபில் ஸ்கோர் அடி வாங்கும், நாளைக்கு ஹோம் லோன் போகும்போது அது முன்னாடி வந்து நிக்கும். தம்பியோட சேவிங்ஸ் அக்கவுன்ட்ல அன்னைக்கு இருந்தது 11,000. வீட்டுக்கு 8,000 கொடுக்கிறார், பைக் இஎம்ஐ 3,200. ஒரு மாசம் சம்பளம் லேட் ஆனாக்கூட தாங்காது.

ஏற்கெனவே இப்படி ஆன்லைன்ல கடன் வாங்கிட்டீங்களா? ரிசர்வ் வங்கி விதிப்படி கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் தரணும், அதுல எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டி இருக்கும். கேட்டு வாங்குங்க. டிஜிட்டல் கடனுக்கு கூலிங் ஆஃப் காலம்னு ஒண்ணும் உண்டு, 2025 விதிகள்படி குறைஞ்சது ஒரு நாள். அதுக்குள்ள அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாம வெளியே வந்துடலாம். பிராசஸிங் ஃபீஸ் மட்டும் திரும்ப வராம போகலாம்.

வரிச் சலுகைன்னும் சிலர் சொல்லி விப்பாங்க. சம்பளக்காரங்க கோர்ஸ் ஃபீஸைத் தனியா கழிக்க முடியாது. புது வரி முறையில 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அவ்வளவுதான்.

சந்தா விஷயத்துலயும் கவனம். 2025 ஐ/ஓவுல ஏஐ அல்ட்ரான்னு மாசம் 249.99 டாலருக்கு ஒரு பிளான் அறிவிச்சாங்க, அப்போதைய ரேட்டுக்கு 21,000 ரூபாய்க்கு மேல. தம்பி சம்பளத்துல முக்கால் பங்கு! அது நமக்கான விலை இல்லைன்னு பார்த்தவுடனே தெரியுது. ஆபத்து இலவச ஆஃபர்லதான். கார்டையோ யுபிஐ ஆட்டோபேயையோ இணைச்சுட்டு மறந்துடறோம். 15,000 ரூபாய் வரைக்கும் மாசாமாசம் ஓடிபி இல்லாமலே எடுக்கலாம். 24 மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ் வரும், அதையும் நாம படிக்கிறதில்லை. ஆஃபர் எடுத்த அன்னைக்கே மேன்டேட்டை கேன்சல் பண்ண முடியுமான்னு பாருங்க, இல்லைன்னா காலண்டர்ல தேதி போடுங்க.

மேடையில கைதட்டல் வாங்காத விஷயத்துலதான் சில நேரம் நம்ம காசு இருக்கு. 2024 ஜூலை 17ல பெங்களூருல ஐ/ஓ கனெக்ட் நடந்தது, ஐ/ஓவோட இந்தியப் பதிப்புன்னு வெச்சுக்கலாம். எல்லாரும் ஜெமினி பத்திப் பேசினாங்க. அதே மாசம் வந்த இன்னொரு அறிவிப்பு: ஆகஸ்ட் 1ல இருந்து இந்தியாவுல கூகுள் மேப்ஸ் பிளாட்ஃபார்ம் கட்டணம் 70% வரைக்கும் குறையும், பில்லும் ரூபாய்ல. டெலிவரி ஆப் நடத்துற ஒரு சின்ன கம்பெனிக்கு மிச்சம் ஆகுற அந்தக் காசுதான் ஒரு ஜூனியரோட சம்பளம்.

தம்பி அன்னைக்குக் கையெழுத்துப் போடலை. அந்த 5,000ல 3,500 ரூபாயை எமர்ஜென்சி ஃபண்டுக்காக ஒரு ஆர்டியில போடறார். தினம் ராத்திரி ஒரு மணி நேரம் கூகுளோட இலவச ஆண்ட்ராய்டு கோர்ஸ். காசுன்னு கொடுத்தது பிளே ஸ்டோர் டெவலப்பர் அக்கவுன்டுக்கு, ஒரே ஒரு தடவை 25 டாலர். அம்மா நடத்துற மாசச் சீட்டுக்கு யார் கட்டினாங்க, யார் பாக்கின்னு குறிச்சுக்க ஒரு ஆப் செஞ்சிருக்கார். புது பெர்சனல் அக்கவுன்டா இருந்தா, வெளியிடறதுக்கு முன்னாடி 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்ட் பண்ணணும்கிறது பிளே ஸ்டோர் விதி. சீட்டு கட்டுற அக்காங்கள்லயே ஒன்பது பேர் சேர்ந்துட்டாங்க. மீதி மூணு பேருக்கு ஆண்ட்ராய்டு போன் இருக்கு, ஆனா ஜிமெயில் பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லை. ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்கு நேர்ல போய்ப் பார்க்கப் போறேன்னு சொன்னார்.