வரிக்கும் வரிக்கும் நடுவே

ஜீவனஹள்ளி பெங்களூரின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. காக்ஸ் டவுனுக்குப் பக்கத்துப் பகுதி. இங்கே ஒரே தெருவில் தமிழும் கேட்கும், கன்னடமும் கேட்கும்.

இந்தப் பகுதியில் ஒரு அக்கா தையற்கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். முன்பு கைநாட்டு வைத்தார். இப்போது கையெழுத்துப் போடுகிறார். கம்ப்யூட்டரில் மின்னஞ்சலும் எழுதுகிறார். மின்னஞ்சலைத்தான் நாம் ஈமெயில் என்கிறோம்.

அக்காவுக்கு ஒரு தொல்லை வந்தது. அது என்ன? அதை எப்படிச் சரி செய்தார்? வாருங்கள், பார்ப்போம்.

அக்காவின் கடிதம்

ஒரு பள்ளிக்கூடம் சீருடை தைக்க விலை கேட்டது. 40 சட்டைகள். ஒரு சட்டைக்குத் தையற்கூலி 220 ரூபாய். மொத்தம் 8,800 ரூபாய். பாதிப் பணம் முன்பணம். அதாவது 4,400 ரூபாய். 15 நாளில் துணி தயார்.

இதை எல்லாம் அக்கா வரி வரியாக எழுதினார். கடைசியில் தன் பெயர், கடையின் பெயர், முகவரி, போன் எண் எழுதினார். மொத்தம் 12 வரிகள்தான். அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் பதில் இல்லை. அக்காவே நேரில் போனார். அலுவலகத்தில் இருந்தவர் சொன்னார்: "விலை பார்த்தேன் அம்மா. ஆனால் எத்தனை நாளில் தருவீர்கள் என்று எழுதவில்லையே? போன் நம்பரும் இல்லையே?"

அக்கா திகைத்தார். அவர் எல்லாம் எழுதியிருந்தார். அலுவலகத்தில் இருந்தவர் தன் போனைக் காட்டினார். அக்கா பார்த்தார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு வெற்று இடம். ஒரு வரி, ஒரு வெற்று இடம். மறுபடி ஒரு வரி, மறுபடி ஒரு வெற்று இடம். விலை வந்த இடத்தோடு போன் திரை முடிந்துவிட்டது. மீதி எல்லாம் கீழே போய்விட்டது. கடிதம் அவ்வளவுதான் என்று படித்தவர் நினைத்துவிட்டார்.

12 வரிக் கடிதம் 24 வரி இடத்தைப் பிடித்துக்கொண்டது. நல்ல வேளை, அக்கா நேரில் போனார். போகாமல் இருந்திருந்தால்? அந்த வேலை வேறு கடைக்குப் போயிருக்கும்.

பத்தி வேறு, வரி வேறு

அக்கா பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அங்கே இருக்கும் தம்பிக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும்.

"தம்பி, நான் இந்த இடத்தை எல்லாம் விடவே இல்லப்பா. தானா வந்திருக்கு" என்றார் அக்கா.

"ஒரு வரி முடிஞ்சதும் என்ன பண்ணீங்க அக்கா?"

"என்டர் பட்டனைத் தட்டினேன்."

"அங்கேதான் விஷயம். என்டர் தட்டினா சில இடத்தில கம்ப்யூட்டர் 'புதுப் பத்தி'ன்னு எடுத்துக்கும். பத்திக்கும் பத்திக்கும் நடுவே அது இடம் விடும்."

பத்தி என்றால் என்ன? ஒரு விஷயத்தைச் சொல்லும் சில வரிகளின் தொகுப்புதான் பத்தி. ஒரு விஷயம் முடிந்து அடுத்த விஷயம் தொடங்கும்போது நடுவில் இடம் விடுகிறோம். அது நல்லதுதான். படிப்பவரின் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

ஆனால் முகவரி அப்படி அல்ல. பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு. இவை எல்லாம் சேர்ந்து ஒரே விஷயம். தபால்காரர் ஒரே பார்வையில் படிக்க வேண்டும். உறையின் மேல் முகவரி எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவே விரற்கடை இடம் விடுவோமா? விடமாட்டோம். மின்னஞ்சலிலும் அப்படித்தான்.

அக்காவுக்கு உடனே புரிந்தது. "சட்டைப் பட்டன் மாதிரிதான் தம்பி. பட்டனுக்கும் பட்டனுக்கும் தூரம் அதிகமானா சட்டை வாய் பிளந்துக்கும்" என்றார்.

பழைய டைப்ரைட்டர்

இந்த என்டர் பட்டன் எங்கிருந்து வந்தது? டைப்ரைட்டரிலிருந்து வந்தது.

டைப்ரைட்டரில் காகிதம் ஓர் உருளையில் சுற்றியிருக்கும். ஒரு வரி முடிந்ததும் பக்கத்தில் உள்ள கைப்பிடியைத் தள்ளுவார்கள். அப்போது இரண்டு வேலை நடக்கும். உருளை சுழன்று காகிதம் மேலே ஏறும். உருளை இருக்கும் வண்டி நகர்ந்து, வரியின் தொடக்கத்துக்கு வரும்.

காகிதம் எவ்வளவு ஏற வேண்டும்? அதற்கும் ஒரு சிறு நெம்பு உண்டு. ஒன்றில் வைத்தால் வரிகள் நெருக்கமாக வரும். இரண்டில் வைத்தால் நடுவில் ஒரு வரி இடம் விழும். டைப் அடிப்பவர் மறந்து இரண்டில் வைத்துவிட்டால் கடிதம் நீண்டுவிடும்.

பிறகு டெலிபிரிண்டர் வந்தது. அதில் 'வரித் தொடக்கத்துக்குப் போ' என்பது ஒரு கட்டளை. 'காகிதத்தை ஏற்று' என்பது இன்னொரு கட்டளை. கம்ப்யூட்டரில் இந்த இரண்டுக்கும் 13, 10 என்று எண் கொடுத்தார்கள். இன்றும் ஒரு மின்னஞ்சல் ஊர் விட்டு ஊர் போகும்போது, வரி முடிவைக் காட்ட இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே போகின்றன. உருளை போய்விட்டது. கைப்பிடி போய்விட்டது. அவற்றின் கட்டளை மட்டும் இருக்கிறது.

1971இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். முகவரியின் நடுவில் வரும் '@' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் வந்தது. இன்று மின்னஞ்சல் நம் போனிலேயே இருக்கிறது.

இடைவெளி எங்கிருந்து வருகிறது?

வேண்டாத இடைவெளி வர முக்கியமான காரணங்கள் மூன்று.

ஒன்று. நாமே என்டரை இரண்டு முறை தட்டிவிடுகிறோம்.

இரண்டு. என்டரை ஒரு முறைதான் தட்டுகிறோம். ஆனால் கம்ப்யூட்டர் அதைப் பத்தி என்று எடுத்துக்கொண்டு இடம் விடுகிறது.

மூன்று. வேறு இடத்தில் எழுதியதை எடுத்து வந்து மின்னஞ்சலில் ஒட்டுகிறோம். அங்கே இருந்த இடைவெளியும் கூடவே வந்துவிடுகிறது. பழைய துணியைப் பிரித்துத் தைத்தால் பழைய மடிப்பும் தெரியும் அல்லவா? அதுபோல.

அக்காவின் கதை மூன்றாவது காரணம். அவர் கடிதத்தை 'வேர்டு' என்ற செயலியில் எழுதினார். பிறகு மின்னஞ்சலில் ஒட்டினார். 2003ஆம் ஆண்டின் வேர்டு வரை பத்திக்குப் பின் தானாக இடம் விழாது. 2007இல் வந்த வேர்டு அதை மாற்றியது. ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் 10 புள்ளி இடம் தானாக விழும்படி செய்தது. அச்சுக் கணக்கில் 72 புள்ளி சேர்ந்தால் ஓர் அங்குலம். ஆறு வரி முகவரியில் நடுவே ஐந்து இடைவெளி. ஐந்து பத்து ஐம்பது புள்ளி. அதாவது அரை அங்குலத்துக்கு மேல் வெறும் இடம். முகவரிக்கே இவ்வளவு என்றால் முழுக் கடிதத்துக்கு எவ்வளவு?

சரி செய்வது எப்படி?

முதல் வழி: ஷிப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்டரைத் தட்டுங்கள். அப்போது புதுப் பத்தி வராது. அடுத்த வரி மட்டும் வரும். நடுவில் இடம் விழாது. முகவரிக்கும் விலைப் பட்டியலுக்கும் இது ஏற்ற வழி.

ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா? ஒரு வரியின் முடிவில் குறியை வையுங்கள். டெலீட் பட்டனைத் தட்டுங்கள். அடுத்த வரி மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். இப்போது ஷிப்ட், என்டர் இரண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். வரி பிரியும். இடம் வராது.

இரண்டாம் வழி: வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது கன்ட்ரோல், வி பட்டன்களைத் தட்டுகிறோம். அதற்குப் பதில் கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள். ஜிமெயிலில் இது வேலை செய்யும். எழுத்து மட்டும் வரும். பழைய அளவு, நிறம், இடைவெளி எதுவும் வராது.

மூன்றாம் வழி: வேர்டிலும், கம்ப்யூட்டரில் நிறுவும் 'கிளாசிக்' அவுட்லுக்கிலும் இடைவெளியின் அளவையே குறைக்கலாம். வரிகளைத் தேர்ந்தெடுங்கள். மவுஸின் வலது பட்டனைத் தட்டுங்கள். 'பாராகிராப்' என்பதைத் திறங்கள். அங்கே 'பிபோர்', 'ஆப்டர்' என்று இரண்டு கட்டம் இருக்கும். முன், பின் என்று பொருள். இரண்டிலும் 0 போடுங்கள். 'லைன் ஸ்பேசிங்' என்ற இடத்தில் 'சிங்கிள்' என்று வையுங்கள். டைப்ரைட்டரின் நெம்பை ஒன்றில் வைப்பது போலத்தான் இது.

மின்னஞ்சல் கையொப்பம்

ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் பெயரும் முகவரியும் தானாக வரும்படி செய்யலாம். இதைச் 'சிக்னேச்சர்' என்பார்கள். கையொப்பம் என்று பொருள். இதில் ஒரு முறை இடைவெளி விழுந்தால் அனுப்பும் கடிதம் எல்லாவற்றிலும் விழும். அதனால் இதை முதலில் சரி செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறங்கள். மேலே பல்சக்கரப் படம் இருக்கும். அதைத் தட்டுங்கள். 'சீ ஆல் செட்டிங்ஸ்' என்பதைத் தட்டுங்கள். 'ஜெனரல்' பக்கத்தில் கீழே போனால் 'சிக்னேச்சர்' வரும். அங்கே இருக்கும் பழைய எழுத்தை முழுதும் அழித்துவிடுங்கள். புதிதாகத் தட்டுங்கள். வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் ஷிப்ட், என்டர் சேர்த்துத் தட்டுங்கள். பிறகு பக்கத்தின் அடிக்குப் போய் 'சேவ் சேஞ்சஸ்' என்பதைத் தட்டுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறந்தால் செய்த வேலை வீண்.

போனில் உள்ள ஜிமெயிலுக்குத் தனிக் கையொப்பம் உண்டு. அதன் பெயர் 'மொபைல் சிக்னேச்சர்'. கம்ப்யூட்டரில் மாற்றினால் அது மாறாது. அதைப் போனிலேயே போய் மாற்ற வேண்டும்.

கையொப்பத்தில் என்ன எழுதலாம்? பெயர், கடையின் பெயர், முகவரி, போன் எண் போதும். நாலைந்து வரி போதும். பாங்கிக் கணக்கு எண்ணைக் கையொப்பத்தில் வைக்க வேண்டாம். கையொப்பம் எல்லோருக்கும் போகும். கணக்கு எண் பணம் தருபவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். ரகசிய எண்ணை யாருக்கும், எதிலும் எழுதக் கூடாது.

இரண்டு மொழியில் எழுதினால்

அக்கா தன் முகவரியைத் தமிழிலும் கன்னடத்திலும் போட நினைத்தார். போட்டுப் பார்த்தார். கன்னட வரியின் கீழே மட்டும் கொஞ்சம் இடம் அதிகமாக இருந்தது. "இது என்ன புதுத் தொல்லை?" என்று கேட்டார்.

இது தொல்லை அல்ல. தமிழில் 'ஹள்ளி' என்று எழுதும்போது புள்ளி வைத்த 'ள்' முன்னால் வரும். 'ளி' அதன் பக்கத்தில் வரும். கன்னடத்தில் அப்படி இல்லை. இரண்டாவது 'ள' முதல் 'ள'வின் அடியில் தொங்கும். அப்படித் தொங்கும் எழுத்துக்கு ஒத்தக்ஷரம் என்று பெயர். அது கீழ் வரியில் இடிக்கக் கூடாது. அதனால் கன்னட எழுத்துருவில் கீழே இடம் விட்டிருக்கிறார்கள். இந்த இடம் எழுத்துக்குத் தேவை. அதைக் குறைத்தால் எழுத்து வெட்டுப்படும். தமிழை நான்கு வரியாகச் சேர்த்து எழுதுங்கள். கன்னடத்தை அதன் கீழே நான்கு வரியாகச் சேர்த்து எழுதுங்கள். மாற்றி மாற்றி எழுதாவிட்டால் பார்க்க ஒழுங்காக இருக்கும்.

அனுப்பும் முன்

உங்கள் மின்னஞ்சலை முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஒரு முறை பாருங்கள். போனில் ஒரு முறை பாருங்கள். முக்கியமான செய்தி போன் திரையின் முதல் பக்கத்திலேயே தெரிகிறதா? தெரிந்தால் அனுப்பலாம்.

அக்கா அப்படியே செய்தார். விலை, நாள், போன் எண் மூன்றையும் முதல் ஐந்து வரியில் எழுதினார். தன் போனில் திறந்து பார்த்தார். எல்லாம் ஒரே திரையில் இருந்தது. அடியில் அவர் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே கடையின் பெயர், இடைவெளி இல்லாமல்.

பள்ளிக்கு மறுபடி அனுப்பினார். அன்று மாலையே போன் மணி அடித்தது.

நினைவில் வையுங்கள்

புது விஷயம் தொடங்கினால் என்டர்.
அதே விஷயத்தில் அடுத்த வரி என்றால் ஷிப்ட், என்டர்.
எடுத்து ஒட்டினால் எழுத்தை மட்டும் ஒட்டுங்கள்.
கையொப்பத்தை மாற்றினால் 'சேவ் சேஞ்சஸ்' தட்டுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் முகவரியை ஐந்து வரியில் தட்டுங்கள். முதலில் என்டர் மட்டும் தட்டிப் பாருங்கள். பிறகு ஷிப்ட், என்டர் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். வேறுபாடு தெரிகிறதா?

2. உங்களுக்கு வந்த மின்னஞ்சல் ஒன்றைப் போனில் திறங்கள். வேண்டாத இடைவெளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ஏன் வந்திருக்கும்? பக்கத்தில் இருப்பவருடன் பேசுங்கள்.

3. உங்கள் கையொப்பத்தில் எந்த நான்கு செய்திகள் இருக்க வேண்டும்? முதலில் நோட்டில் எழுதுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் தட்டுங்கள்.