நிழற்படக் காட்சியமைப்பும் பொருள்கோளும்: 'மனிதக் குடும்பம்' கண்காட்சியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

நிழற்படம் தன் பொருளைத் தானே உரைக்கும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. எனினும், ஒரு படம் எந்த அளவில் அச்சிடப்படுகிறது, எதனருகில் வைக்கப்படுகிறது, அதனடியில் என்ன எழுதப்படுகிறது என்பனவும் பார்வையாளர் கொள்ளும் பொருளை வரையறுக்கின்றன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1955ஆம் ஆண்டு எட்வர்ட் ஸ்டைக்கன் அமைத்த 'மனிதக் குடும்பம்' கண்காட்சியைக் கொண்டு இக்கருத்தை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

அளவும் வரிசையும்

இக்கண்காட்சியில் 273 ஒளிப்படக் கலைஞர்களின் 503 படங்கள் இடம்பெற்றன. அவற்றின் அளவை முடிவு செய்தவர் படமெடுத்த கலைஞரல்லர். தொகுத்த ஸ்டைக்கனே ஆவார். சில படங்கள் சுவரளவு பெருக்கப்பட்டன. சில சிறியனவாகவே வைக்கப்பட்டன. கட்டடக் கலைஞர் பால் ருடால்ஃப் வடிவமைத்த நடைவழி, காதல், பிறப்பு, உழைப்பு, இறப்பு எனப் பார்வையாளரை நடத்திச் சென்றது. கருப்பு வெள்ளைப் படங்களைக் கண்டு வந்தவர், இறுதிக் கட்டத்தில் இருண்ட அறையொன்றில், பின்னிருந்து ஒளியூட்டப்பட்ட ஹைட்ரஜன் குண்டு வெடிப்பின் வண்ணப் படத்தை எதிர்கொண்டார். கண்காட்சியையொட்டி வெளிவந்த நூலில் அப்படம் இடம்பெறவில்லை. ஆகவே, நூலைப் புரட்டியவரும் அரங்கில் நடந்தவரும் பெற்ற அனுபவம் ஒன்றன்று.

நீக்கப்பட்ட படம்

மிசிசிப்பியில் 1937ஆம் ஆண்டு வெறிக்கும்பலால் மரத்தில் பிணைத்துக் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவரின் படமும் தொடக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. பார்வையாளர் அதன் முன் நின்றுவிட்டனர். கண்காட்சியின் ஓட்டம் தடைபடுவதாகக் கருதி, சில வாரங்களில் அது அகற்றப்பட்டது. ஓட்டத்தைக் காப்பதற்காக ஒரு வரலாற்று உண்மை விலக்கப்பட்டது என்பதே நாம் இங்குக் கருதத்தக்கது.

எஞ்சிய படங்களிலும் கலைஞர் பெயரும் நாட்டின் பெயரும் தவிர விளக்கம் மிகக் குறைவே. அவற்றினிடையே பல நாட்டுப் பழமொழிகளும் மேற்கோள்களும் பொறிக்கப்பட்டன. இதனால் குறிப்பிட்ட ஒருவரின் வறுமை, மனித குலத்தின் பொதுவான துயராகத் தோன்றியது. பாரிஸில் இதனைக் கண்ட ரோலான் பார்த், பிறப்பும் இறப்பும் பொது என்று காட்டுவது அவற்றின் வரலாற்றுக் காரணங்களை மறைத்துவிடுகிறது என வாதிட்டார். 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட சிறுவன் எம்மெட் டில்லின் பெற்றோரிடம் இக்குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வர் என்பதே அவர் எழுப்பிய வினா. அவ்விமர்சனம் 1957இல் 'மித்தாலஜீஸ்' நூலில் இடம்பெற்றது.

எனினும் காட்சியமைப்பின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. உலகெங்கும் 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனைக் கண்டதாகக் கூறப்படுகிறது. லக்சம்பர்க்கின் கிளெர்வோ கோட்டையில் 1994இல் நிலையாக வைக்கப்பட்ட இத்தொகுப்பு, 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

இவ்விளக்கம் நம் வகுப்பறைக்கும் பொருந்துவதாகும். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழரின் பழைய படங்களை நாம் பாடத்துணைப் பொருளாகப் பயன்படுத்துகிறோம். ஆண்டும் தோட்டத்தின் பெயரும் படமெடுத்தவரின் நோக்கமும் இன்றி 'தோட்டப் பாட்டாளி' என்று மட்டும் தலைப்பிடும்போது, ஒரு மனிதர் வகைமாதிரியாகிவிடுகிறார். தெரிந்த விவரத்தைத் தருவதோடு, தெரியாததைத் தெரியாதென்றே குறித்தலும் வேண்டும். மேலும், ஒரே படத்தை இருவேறு தலைப்புகளுடன் காட்டி மாணவர் கூறும் பொருளை ஒப்பிடச் செய்யலாம். படத்தைக் காண்பதோடு, அது காட்டப்படும் முறையையும் காணக் கற்பித்தல் நம் கடமையாகும்.