சிற்றூரும் அதன் மக்கள் தொகையும்

சிற்றூர் ஒன்றின் மக்கள் தொகை எவ்வாறு கூடுகிறது, எவ்வாறு குறைகிறது, அதனை எண்ணி வைப்பதால் ஊருக்கு ஆவதென்ன என்பவற்றை இன்று காண்போம்.

மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியைச் சூழ்ந்த மானாவாரி நிலப்பகுதியில் 400 பேர் வாழும் ஊர் ஒன்று உள்ளதெனக் கொள்வோம். ஓராண்டில் அங்கே 6 குழந்தைகள் பிறக்கின்றன. 4 பேர் இறக்கின்றனர். தொகை 402 ஆகிறது. மழை பொய்த்தமையால் ஐவர் கொண்ட ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி வெளியூர் செல்லுமாயின், அது 397 ஆகிவிடும். பிறப்பு, இறப்பு, குடிபெயர்ச்சி ஆகிய மூன்றுமே மக்கள் தொகையை மாற்றும் காரணங்கள். பெருநகரில் ஐவரின் பிரிவு கண்ணுக்குத் தெரியாது. சிற்றூரிலோ, பள்ளியில் இரு பிள்ளைகள் குறைவர். ஒரு வீடு பூட்டப்படும்.

இனி, ஆட்சிமுறையை நோக்குவோம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, 500 பேருக்குக் குறையாத பகுதியே தனி ஊராட்சியாகலாம். நாம் கூறிய ஊர் அயலூரோடு சேர்ந்தே ஆளப்பெறும். பிரான்சு நாட்டில் நிலைமை வேறு. அங்கே சிற்றூரும் நகரும் ஒருங்கே 'கம்யூன்' எனப்படும். 1789ஆம் ஆண்டுப் புரட்சியின்போது உருவான இவ்வமைப்பில் இன்று ஏறத்தாழ 35,000 கம்யூன்கள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை 500 பேருக்கும் குறைவானவை. எனினும் ஒவ்வொன்றுக்கும் தனி மன்றமும் தலைவரும் உண்டு. இம்முறை 1880ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கும் வந்தது. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்னும் பெயர் அங்கு இன்றும் வழங்குகிறது.

பிரான்சில் 10,000 பேருக்குக் குறைந்த கம்யூன்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுமையாக எண்ணுகின்றனர். நம் நாட்டிலோ பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுவதே வழக்கம். 2011ஆம் ஆண்டுக்குப் பின், 2021ஆம் ஆண்டில் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. ஊராட்சியில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குரிய இடங்கள் மக்கள் தொகை விகிதப்படியே ஒதுக்கப்படுகின்றன. ஆகவே கணக்கு பழையதாயின், உரிமையும் பழைய அளவிலேயே நின்றுவிடும்.

டி. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1960ஆம் ஆண்டில் மறைந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா இதனை நன்குணர்ந்தவர். 1931ஆம் ஆண்டில் வெளியான அவரது மாதர் தாலுகா ஆய்வுக்கு, குஜராத் வித்யாபீட மாணவர்களே ஊர் ஊராகச் சென்று விவரம் திரட்டினர். அவர்களைப் போல நீங்களும் உங்கள் தெருவில் விசாரிக்கலாம். பத்தாண்டுகளில் பிறந்தவர் எத்தனை பேர், சென்றவர் எத்தனை பேர், எதன் பொருட்டுச் சென்றனர் என்று எழுதிப் பாருங்கள். ஊருக்குத் தேவை பள்ளியா, வேலையா, தண்ணீரா என்பது அக்கணக்கிலேயே புலப்படும்.