ரெண்டே கார்ட்... ஒரு முழுப் பாட்டு! கிட்டார் பழக எளிய வழி

புதிதாக கிட்டார் வாங்கியவர்களில் பலர், "விரல் வலிக்குது, பாட்டே வரலையே" என்று சில வாரங்களிலேயே அதை ஓரங்கட்டிவிடுவது ஏன்? அடிக்கடி கார்ட் மாறும் பாட்டை முதலிலேயே எடுப்பதும் ஒரு காரணம்.

இவர்களுக்கு ஏற்றது 'டாம் டூலி' என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடல். வட கரோலினாவில் 1866-ல் நடந்த கொலைக்காக, 1868-ல் தூக்கிலிடப்பட்ட டாம் டூலாவின் கதை இது. 1958-ல் கிங்ஸ்டன் ட்ரையோ குழு பாடி பிரபலமாக்கியது.

டி, ஏ7 என ரெண்டே கார்ட் போதும். டி-யில் தொடங்கி, இரண்டாம் வரி முடிவில் ஏ7. நான்காம் வரி முடிவில் மீண்டும் டி. அவ்வளவுதான்!

முதலில் பாடாமல், நான்கு வரை எண்ணியபடி மெதுவாக மீட்டுங்கள். இடது கை தடுமாறினாலும் வலது கையை நிறுத்தாதீர்கள். சுரம் பிசகினால் சமாளிக்கலாம். தாளம் நின்றால் பாட்டே நின்றுவிடும்.