கோட்டைக்குள் ஓர் ஆலயம்

அந்நிய ஆட்சியின் சின்னங்களை என்ன செய்வது என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி கிளம்புகிறது. அவற்றை அகற்றிவிடுவதே தேசபக்தி என்பது ஒரு சாராரின் கட்சி. அவர்கள் ஒருமுறை சென்னைக் கோட்டைக்குள் சென்று, செயின்ட் மேரி ஆலயத்தையும் அதன் முற்றத்தையும் பார்த்து வருவார்களாக.

ஸ்டிரெயின்ஷாம் மாஸ்டர் கவர்னராயிருந்தபோது 1678-ல் தொடங்கி, 1680 அக்டோபர் 28-ந் தேதி பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் இது. இந்தியாவிலுள்ள ஆங்கிலிக்கன் ஆலயங்களில் இதுவே மிகப் பழமையானது. கும்பெனியின் பொக்கிஷத்தைத் தொடாமல், கோட்டைவாசிகளான ஆங்கிலேயர் தமக்குள் சந்தா சேர்த்துக் கட்டினார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கனத்த சுவர்களும் வளைவுக் கூரையும் அமைத்தார்கள். ஜபம் செய்யும் இடத்துக்கும் குண்டுக்கு அஞ்சிக் கூரை போட நேர்ந்ததென்றால், அந்த ஆதிக்கம் எதன்மேல் நின்றது என்பதற்கு வேறு சாட்சியமும் வேண்டுமோ?

முற்றத்தில் பாவியிருக்கும் கல்லறைக் கற்கள் முதலில் இங்கிருந்தவையல்ல. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59-ல் பிரெஞ்சுக்காரர் முற்றுகையிட்டபோது அங்கிருந்த சமாதிகள் எதிரிக்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியபின் அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். அக்கற்களின் கீழே உடல் இல்லை, சரித்திரமே இருக்கிறது.

ஆலயத்துக்குள் நடந்தவையும் சாமானியமானவையல்ல. 1680-ல் எலிஹு யேலுக்கு இங்கே விவாகம் நடந்தது. பின்பு கவர்னரான அவர், முறைகேட்டுப் புகார்களின்மேல் 1692-ல் பதவியிழந்தார். இந்நகரில் சேர்த்த செல்வத்தில் ஒரு துளி 1718-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குச் சென்றது. அது இன்றளவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1753-ல் ராபர்ட் கிளைவ் மணம் புரிந்ததும் இங்கேதான்.

கவர்னர் பிகட் இங்கே அடக்கமாயிருக்கிறார். 1776-ல் அவர் தஞ்சை ராஜ்யத்தை அதன் ராஜாவுக்கே திருப்பிக் கொடுத்தார். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துத் தஞ்சை விளைச்சலின்மேல் கண் வைத்திருந்த வெள்ளையருக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய கவுன்சில் அங்கத்தினர்களே அவரைச் சிறைப்பிடித்தனர். 1777-ல் காவலிலேயே மாண்டார். காவேரி உழவனின் நெல்லுக்காக அந்நியர் தமக்குள் அடித்துக்கொண்ட கதைக்கு அந்தக் கல்லறை அத்தாட்சி.

எதிர்க்கட்சிக்காரன் தன் கையாலேயே எழுதிவைத்த தஸ்தாவேஜை எந்த வக்கீலாவது கிழித்தெறிவானா? அதைப் பத்திரப்படுத்தி, கோர்ட்டில் வாசித்துக் காட்டுவதல்லவா கெட்டிக்காரத்தனம்? கல்லில் புகழ் மட்டுமே பொறித்திருக்கும் என்பது மெய்யே. பொறிக்காமல் விட்டதைச் சேர்த்துப் படிப்பது நமது பொறுப்பு. கல்லையே இழந்தால், எதைக் காட்டி எதைப் படிப்பது?

ஆகையால் இவ்வாலயமும் முற்றமும் ஒரு மதத்தாருக்கு மட்டும் உரிய சொத்து என்று எண்ணலாகாது. இக்கற்களின் வரலாற்றைத் தமிழில் தெளிவாக எழுதி நமது பள்ளிச் சிறுவர்களின் கையில் கொடுக்க வேண்டும். அவர்களை அழைத்துவந்து காட்டவும் வேண்டும். அதே கோட்டைக்குள்தான் இன்று ஜனப்பிரதிநிதிகளின் சட்டசபை கூடுகிறது. ஆண்டவர்களின் கல்லறையையும் ஆளும் ஜனங்களின் சபையையும் ஒரே மதிலுக்குள் காணும் சிறுவனுக்கு, சுதந்திரம் என்னவென்று வேறொருவர் உபதேசிக்க வேண்டியதில்லை.